சந்தைச் சுழற்சியைச் சார்ட்டில் கீறி விலையைக் கணிப்பது எப்படி: திருகோணமலை வாசகர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கொழும்பு பங்குச் சந்தை காலை 9.30க்குத் திறந்து பிற்பகல் 2.30க்கு மூடுகிறது. திருகோணமலையில் கடை, கந்தோர், பள்ளிக்கூடம் என்று ஓடுகிறவர்களால் அந்த ஐந்து மணித்தியாலமும் திரைக்கு முன்னால் உட்கார முடியாது. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் விருந்தினர் விடுதி நடத்துகிறவர்களுக்கு ஏப்ரலில் இருந்து செப்டெம்பர் வரை மூச்சு விடவே நேரமில்லை. இப்படிப்பட்டவர்களுக்குச் சுழற்சி முறை தோதானது. விலை இறங்கித் திரும்பும் ஓர் அடியிலிருந்து அடுத்த அடிவரை எவ்வளவு காலம் எடுக்கிறது என்று அளந்து, அதற்கடுத்த அடி எப்போது வரலாம் என்று பார்ப்பதுதான் இந்த முறை. வாரத்துக்கு ஒரு தடவை, சனிக்கிழமை காலையில் ஒரு மணித்தியாலம் ஒதுக்கினால் போதும். தினசரி ஏற்ற இறக்கத்தோடு மல்லுக்கட்டத் தேவையில்லை.

தொடங்குமுன் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். சுழற்சிக் கோடு எப்போது கவனிக்கவேண்டும் என்று சொல்லும். விலை எவ்வளவு போகும் என்று அது சொல்லாது. விலை இலக்கை வேறொரு அளவால் தனியாக எடுக்கவேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் இந்த முறையில் காசு விடுகிறவர்களின் முதல் பிரச்சினை. இந்த வழிகாட்டி முழுக்க நேரத்தை ஒரு பக்கமும் விலையை ஒரு பக்கமும் வைத்தே போகிறது.

எந்த மென்பொருள்?

டிரேடிங்வியூ போதும். உலாவியிலேயே திறக்கலாம், இலவசக் கணக்கு உண்டு, கொழும்பு பங்குகள் அதில் இருக்கின்றன. இலவசக் கணக்கில் ஒரே சார்ட்டில் போடக்கூடிய குறிகாட்டிகளுக்கு (விலையிலிருந்து கணக்கிட்டு மென்பொருளே கீறும் கோடுகள்) வரம்பு உண்டு, ஆனால் கோடு கீறும் கருவிகளை வைத்தே பெரும்பாலான வேலை முடிந்துவிடும். அமிபுரோக்கர், மெட்டாஸ்டொக் இரண்டும் பலம் கூடிய மென்பொருள்கள், ஆனால் காசு கொடுத்து வாங்கி விலைத் தரவையும் நாமே ஏற்றவேண்டும். தரகர் தருகிற ஏட்ரேட் போன்ற தளம் வாங்கி விற்பதற்கு. சுழற்சி பார்க்க அதோடு மினக்கெடவேண்டாம்.

தேடல் பெட்டியில் நிறுவனத்தின் ஆங்கிலப் பெயரைத் தட்டி, கொழும்பு சந்தைக்குரிய குறியீட்டைத் தெரிவுசெய்யுங்கள். குறியீட்டின் பின்பகுதியில் வருகிற எழுத்தைக் கவனிக்கவேண்டும். என் என்றால் வாக்குரிமையுள்ள பங்கு, எக்ஸ் என்றால் வாக்குரிமையற்றது. சீனன்குடாப் பக்கம் ஆலை வைத்திருக்கும் டோக்கியோ சீமெந்துக்கு இரண்டும் உண்டு. இரண்டின் விலையும் வேறு, ஒருநாளில் கைமாறும் அளவும் வேறு. ஒன்றில் சுழற்சி பார்த்துவிட்டு மற்றதை வாங்குவதில் பொருளில்லை.

முதல் பயிற்சிக்கு எந்தப் பங்கும் வேண்டாம், கொழும்பு சந்தையின் பங்குகள் எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டும் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண்ணையே எடுங்கள். நமது சந்தையில் பல பங்குகள் நாள்கணக்கில் கைமாறாமல் கிடக்கும். ஒருவர் ஆயிரம் பங்கை விற்றாலே கேண்டில் (ஒரு நாள் அல்லது ஒரு வார விலை அசைவைக் காட்டும் குச்சி) கீழே தொங்கும். அதை அடி என்று நினைத்துக் கோடு கீறினால் நீங்கள் அளப்பது அந்த ஒரு ஆளின் காசுத் தேவையைத்தான்.

சார்ட்டைத் தயார்படுத்துவது

மூன்று மாற்றங்கள். முதலாவது, கால அளவை வாரத்துக்கு மாற்றுங்கள். தினசரிச் சார்ட்டில் இரைச்சல் அதிகம்.

இரண்டாவது, விலை அச்சை லொக் ஸ்கேலுக்கு மாற்றுங்கள். ஆல்ட் பொத்தானை அழுத்திக்கொண்டு எல் எழுத்தைத் தட்டினால் மாறும். 2008 முடிவில் சுட்டெண் 1,503இல் நின்றது. 2025இல் 20,000ஐத் தாண்டியது. சாதாரண அச்சில் பார்த்தால் 2009இல் ஒரே ஆண்டில் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது ஒரு சின்ன மேடாகத் தெரியும், அண்மைக்காலத்து 5 சதவீத அசைவு மலையாகத் தெரியும். லொக் ஸ்கேலில் ஒரே சதவீதம் ஒரே உயரம். சுழற்சிகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவதற்கு இது கட்டாயம்.

மூன்றாவது, தனிப் பங்கு என்றால் பங்குப் பிரித்தல், உரிமைப் பங்கு வழங்கல் (இருக்கும் பங்குதாரருக்குப் புதுப் பங்கு விற்பது) ஆகியவற்றுக்கு விலை திருத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பங்கு இரண்டாகப் பிரிந்த நாளில் விலை பாதியாகும். திருத்தாத சார்ட்டில் அது பெரும் சரிவுபோலவே இருக்கும். சந்தேகமான இடத்தில் பங்குச் சந்தை இணையத்தளத்தில் அந்த நிறுவனத்தின் அறிவித்தல்களைத் தேடினால் விஷயம் தெரிந்துவிடும்.

காரணம் தெரிந்த சுழற்சியில் கைபழகுதல்

பங்குக்குப் போகுமுன் அரிசியில் ஒருதடவை செய்து பார்க்கச் சொல்வேன். மத்திய வங்கி வெளியிடும் நாளாந்த விலை அறிக்கையில் அரிசி, மரக்கறி, மீன் விலைகள் இருக்கின்றன. நாட்டரிசி விலையை மாதத்துக்கு ஒன்றாக எடுத்து எக்செலில் கோடாகப் போடுங்கள்.

தம்பலகாமத்திலோ கிண்ணியாவிலோ மூதூரிலோ வயல் வைத்திருப்பவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பெரும்போக அறுவடை பெப்ரவரி, மார்ச்சில் சந்தைக்கு வரும், விலை இளகும். சிறுபோகம் ஓகஸ்ட், செப்டெம்பரில். நடுவில் கையிருப்பு குறையக் குறைய விலை ஏறும். 12 மாதச் சுழற்சி, நடுவில் ஒரு சின்னச் சுழற்சி. காரணம் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது.

இப்போது அதே கோட்டில் 2021, 2022ஆம் ஆண்டுகளைப் பாருங்கள். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அடுத்து வந்த பெரும்போகத்தில் விளைச்சல் விழுந்தது. அறுவடைக் காலத்தில் இளகவேண்டிய விலை ஏறிக்கொண்டே போனது. மழை, போகம், அறுவடை எல்லாம் இருக்கும் ஒரு சுழற்சியையே ஓர் அரசாணை உடைத்துவிட்டது. பங்குச் சந்தைச் சுழற்சிக்குப் பின்னால் இவ்வளவு உறுதியான காரணம் எதுவும் கிடையாது. வட்டி, கடன், மனிதர்களின் பயம், ஆசை என்று பொதுவாகச் சொல்லலாம், அவ்வளவுதான்.

அடிகளைக் குறித்தல்

சுழற்சியை உச்சியிலிருந்து உச்சிக்கும் அளக்கலாம், அடியிலிருந்து அடிக்கும் அளக்கலாம். அடியிலிருந்து அடிக்கு அளப்பதே வழக்கம், ஏனென்றால் உச்சிகள் இழுபட்டு வட்டமாகத் திரும்பும், அடிகள் கூர்மையாக இருக்கும். பயம் ஆசையைவிட வேகமாக முடிந்துவிடும் போலிருக்கிறது.

சுட்டெண்ணின் மாதச் சார்ட்டைத் திறந்து 2008இலிருந்து பெரிய அடிகளைக் குறித்துக்கொண்டு வாருங்கள். கண்ணுக்குப் படுபவை இவை. 2008 டிசம்பர், 1,500 அளவில், யுத்தத்தின் கடைசிக் கட்டம். பிறகு 2011 பெப்ரவரியில் 7,800 வரை ஏறி, 2012 நடுப்பகுதியில் 5,000க்குக் கீழே வந்தது. 2016 மார்ச் அளவில் 6,000க்குக் கீழே இன்னொன்று. 2019 மே, உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, 5,200 அளவில். 2022 ஏப்ரல்: சந்தையை 18ஆம் தேதியிலிருந்து ஐந்து நாள் மூடிவைத்து, 25ஆம் தேதி திறந்த அன்றே 12 சதவீதத்துக்கு மேல் விழுந்து, 7,000 அளவில் போய் நின்றது.

இடைவெளிகளை எண்ணுங்கள். சுமாராக 42 மாதம், 45 மாதம், 38 மாதம், 35 மாதம். சராசரி 40. ஜோசப் கிச்சின் என்பவர் 1923இல் வணிகத்தில் கண்டதாகச் சொன்ன குறுஞ்சுழற்சியும் ஏறக்குறைய 40 மாதம்தான். மயிர்க்கூச்செறியும், இல்லையா? இந்த இடத்தில்தான் பலர் சார்ட்டைப் படம்பிடித்து வைபர் குழுமத்தில் போட்டுவிடுகிறார்கள்.

கொஞ்சம் பொறுங்கள். மேலே சொன்ன வரிசையில் ஒன்று விடுபட்டிருக்கிறது. 2020 மே மாதம் சுட்டெண் 4,300க்குக் கீழே போனது. 2019 மே அடியைவிட இது ஆழம், 2009க்குப் பிறகு வந்த அடிகளிலேயே மிக ஆழமானவற்றில் ஒன்று. 2019 மே அடிக்குப் பதில் அதை வைத்தால் இடைவெளி 42, 45, 50, 23 என்று ஆகி, அழகெல்லாம் போய்விடுகிறது. கொரோனா வெளியிலிருந்து வந்த அதிர்ச்சி, அதைக் கழிக்கலாம் என்று வாதிடலாம்தான். அப்படியென்றால் உயிர்த்த ஞாயிறும் வெளியிலிருந்து வந்ததுதானே, அதை மட்டும் ஏன் வைத்துக்கொள்கிறோம்? நேர்மையான வழி, இரண்டு எண்ணிக்கையையும் சார்ட்டிலேயே இரண்டு நிறத்தில் வைத்திருப்பது. அடியை அழிக்காதீர்கள். கேள்விக்குறி போட்டு விடுங்கள்.

நாள் குறிக்காமல் எல்லை குறித்தல்

இனி இந்த எண்களை முன்னே தள்ளிப் பார்ப்போம். 2022 ஏப்ரலோடு சராசரியான 40 மாதத்தைக் கூட்டினால் 2025 ஓகஸ்ட் வருகிறது. அதையே இலக்காக வைத்து "ஓகஸ்டில் அடி வரும், அப்போது வாங்கலாம்" என்று காத்திருந்தவருக்கு என்ன நடந்திருக்கும்? அமெரிக்கத் தீர்வை அறிவிப்பையடுத்து 2025 ஏப்ரல் தொடக்கத்தில் உலகச் சந்தைகளோடு சேர்ந்து கொழும்பும் விழுந்தது. 7ஆம் தேதி வர்த்தகத்தை இடைநிறுத்தும் அளவுக்குப் போனது. சுட்டெண் 15,000 அளவில் அடியைத் தொட்டது. அதன்பின் திரும்பி, அந்த ஆண்டிலேயே 20,000ஐத் தாண்டியது. காத்திருந்தவர் ஓகஸ்டிலும் காத்துக்கொண்டே இருந்திருப்பார்.

சராசரியை விட்டுவிட்டு, முதல் எண்ணிக்கையில் கண்ட இடைவெளிகளில் மிகக் குறுகியதையும் மிக நீண்டதையும் எடுத்தால் 35 முதல் 45 மாதம். அதாவது 2025 மார்ச்சிலிருந்து 2026 ஜனவரி வரை. ஏப்ரல் அடி இந்த எல்லைக்குள், ஆரம்பத்திலேயே விழுந்தது. எல்லை அகலமாக இருக்கிறதே, இதை வைத்து என்ன செய்வது என்று கேட்பீர்கள். அந்தப் பத்து மாதத்தில் சந்தை விழுந்தால் பதறாமல் கவனிக்கத் தயாராக இருக்கலாம். அவ்வளவுதான் நேரக் கணக்கால் கிடைக்கும். எந்த வாரம் என்பதை விலைதான் சொல்லவேண்டும்.

சார்ட்டில் இதைக் குறிக்க, செவ்வகக் கருவியை எடுத்து எல்லை தொடங்கும் மாதத்திலிருந்து முடியும் மாதம் வரை ஒரு வெளிறிய பட்டையாகப் போடுங்கள். ஒற்றைச் செங்குத்துக் கோடு போடாதீர்கள். ஒற்றைக் கோட்டைப் பார்த்தால் மனம் அதையே தேதியாக நம்பிவிடும்.

சுழற்சிக் கருவிகள்: எதை, எதற்கு

டிரேடிங்வியூவின் இடதுபக்கக் கருவிப்பட்டையில் சுழற்சிக்கென்று மூன்று இருக்கின்றன. சைக்ளிக் லைன்ஸ் என்பதில் இரண்டு அடிகளைத் தொட்டால் அதே இடைவெளியில் செங்குத்துக் கோடுகள் வரிசையாக வரும். டைம் சைக்கிள்ஸ் அதையே அரைவட்டங்களாகக் கீறும். சைன் லைன் அலையாகப் போகும். நான் முதலாவதைத்தான் பரிந்துரைப்பேன். அரைவட்டமும் அலையும் பார்க்க அழகு, ஆனால் அவற்றின் உயரத்துக்கு விலையோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. அலை உச்சியைத் தொடும் இடத்தில் விலையும் உச்சிக்கு வரும் என்று கண் நம்பிவிடும்.

முதல் இரண்டு அடிகளைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். மூன்றாவது, நான்காவது கோடு எங்கே விழுகிறது என்று பாருங்கள். நான்கில் மூன்று, உண்மையான அடிக்குச் சுழற்சி நீளத்தின் பத்தில் ஒரு பங்குக்குள் விழுந்தால் மேற்கொண்டு பார்க்கலாம். கோட்டை இழுத்து இழுத்துப் பொருத்தத் தொடங்கினால் அது சோதனையாக இருக்காது.

இங்கே இலங்கைச் சந்தைக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. வெளிநாட்டுப் பயிற்சிக் காணொளிகளில் இதைச் சொல்லமாட்டார்கள். இந்தக் கருவிகள் நாட்காட்டியை எண்ணுவதில்லை, கேண்டில்களை எண்ணுகின்றன. நமக்கு மாதம் ஒரு போயா விடுமுறை, அதோடு பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி, மேதினம் என்று வரிசை. தினசரிச் சார்ட்டில் ஓர் ஆண்டுக்கு வருவது சுமார் 240 கேண்டில். நியூயோர்க் சந்தைக்குச் சொன்ன 252 நாள் கணக்கை அப்படியே போட்டால் ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் நழுவும்.

அதைவிடப் பெரியது 2020. மார்ச் பிற்பகுதியிலிருந்து மே 11இல் திறக்கும்வரை சந்தை மூடியிருந்தது, ஏழு வாரத்துக்கு மேல். வாரச் சார்ட்டில் அந்த வாரங்களுக்குக் கேண்டிலே இல்லை, பக்கத்துப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். மாதச் சார்ட்டில் 2020 ஏப்ரல் என்று ஒரு மாதமே கிடையாது. ஆகவே 2019இல் தொடங்கும் சுழற்சிக் கோடு 2020ஐத் தாண்டியபின் அத்தனை வாரம் பிந்தியே விழும். அந்த ஏழு வாரமும் விலை அசையாவிட்டாலும் மனிதர்களின் கடனும் வட்டியும் பயமும் அசைந்துகொண்டுதான் இருந்தன. அதனால் நாட்காட்டிக் கணக்கே சரியென்பது என் எண்ணம். வேறு விதமாக நினைப்பவர்களும் உண்டு.

இதைச் சரிக்கட்ட டேட் ரேஞ்ச் கருவியைப் பாவியுங்கள். ஓர் அடியிலிருந்து அடுத்த அடிக்கு இழுத்தால் எத்தனை கேண்டில், எத்தனை நாள் என்று இரண்டையும் காட்டும். இரண்டையும் ஒரு கொப்பியில் எழுதி, நாள் கணக்கில் எது சீராக வருகிறது, கேண்டில் கணக்கில் எது சீராக வருகிறது என்று ஒப்பிடுங்கள். பிறகு அடுத்த எல்லையை நாட்காட்டியில் எண்ணி, பட்டையைக் கையால் போடுங்கள்.

போக்கை நீக்கிப் பார்த்தல்

சுட்டெண் நீண்டகாலமாக ஏறிக்கொண்டிருக்கும்போது சின்னச் சுழற்சிகளின் அடி கண்ணுக்குத் தெரியாது. அதற்கு டிட்ரெண்டட் பிரைஸ் ஒசிலேட்டர் என்ற குறிகாட்டியைச் சேர்த்து, நீளத்தை நீங்கள் தேடும் சுழற்சியின் நீளத்துக்கு அமையுங்கள். வாரச் சார்ட்டில் 40 வாரச் சுழற்சி என்றால் 40. பூச்சியக் கோட்டுக்குக் கீழே அது திரும்பும் இடங்கள் உங்கள் அடிகளோடு பொருந்துகின்றனவா என்று பார்த்தால் போதும். அதை வாங்கும் சமிக்ஞையாக எடுக்கவேண்டாம், கடந்தகாலத்தைச் சரிபார்க்கும் கருவி அது.

விலை இலக்கு எடுப்பது

இப்போது மறுபக்கம். ஜே.எம். ஹேர்ஸ்ட் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் 1970இல் வெளியிட்ட சுழற்சி முறையில் ஓர் எளிய உத்தி இருக்கிறது. விலைக்கோட்டையே சுழற்சியின் பாதி நீளத்துக்கு முன்னே தள்ளி வைப்பது. தள்ளிய கோட்டை இன்றைய விலை வெட்டும் இடத்திலிருந்து இலக்கைக் கணக்கிடலாம். இதற்கென்று தனி மென்பொருள் விற்கிறார்கள். டிரேடிங்வியூவில் சும்மாவே செய்யலாம்.

சாதாரண மூவிங் அவரேஜ் (நகரும் சராசரி) குறிகாட்டியைச் சேர்த்து அமைப்புகளைத் திறவுங்கள். நீளம் 1. மூலம் என்ற இடத்தில் கூடிய விலை, குறைந்த விலை இரண்டின் நடு. ஒஃப்செட் என்ற இடத்தில் சுழற்சி நீளத்தில் பாதி, 40 வாரம் என்றால் 20. இப்போது 20 வாரத்துக்கு முந்திய விலையின் நிழல் வலதுபக்கம் தள்ளி, எதிர்காலத்துக்குள்ளும் நீண்டு தெரியும்.

ஒரு கற்பனைப் பங்கை எடுப்போம். 62 ரூபாயில் அடி வைத்துத் திரும்புகிறது. ஏறிவந்து 71 ரூபாயில் தள்ளிய கோட்டைக் கீழிருந்து மேலே வெட்டுகிறது. அடியிலிருந்து வெட்டிய இடம்வரை 9 ரூபாய். வெட்டிய இடத்துக்கு மேலே இன்னொரு 9 ரூபாய் என்று வைத்தால் இலக்கு 80. சதவீதக் கணக்கில் செய்தால், 71ஐ 62ஆல் வகுத்து, வருவதை 71ஆல் பெருக்கினால் 81.31. லொக் ஸ்கேலில் வேலைசெய்பவர் இரண்டாவதை எடுக்கலாம். 80, 81 என்று ஒரு வரம்பாக வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

வெட்டும் நாளுக்காகக் காத்திருக்கவேண்டும். வெட்டுமுன் இலக்கு கிடையாது. வார முடிவு விலை கோட்டுக்கு மேலே முடிந்தால்தான் வெட்டியதாகக் கொள்ளுங்கள். வாரத்தின் நடுவில் எட்டிப்பார்த்துவிட்டுத் திரும்புவதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

இலக்கைத் தொட்டதா என்பதைவிடத் தொடாமல் விட்டதா என்பதில்தான் செய்தி அதிகம். 80ஐத் தொடவேண்டிய விலை 76இலேயே திரும்பி, தள்ளிய கோட்டை மேலிருந்து கீழே வெட்டினால், பெரிய சுழற்சி கீழ்நோக்கி இருக்கிறது என்று அர்த்தம். மாறாக 80ஐத் தாண்டி 88க்குப் போனால் பெரிய சுழற்சி தூக்கிக்கொடுக்கிறது. சிறிய சுழற்சி பெரியதன்மேல் ஏறிச் சவாரி செய்கிறது. 2011இலிருந்து 2020 வரை சுட்டெண் பெரும்பாலும் பக்கவாட்டில் கிடந்தது, 7,800 உச்சியை மறுபடி தாண்ட 2021 ஜனவரி ஆனது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு சுழற்சியின் ஏற்றமும் குட்டையாகவே முடிந்தது. 2022க்குப் பின் ஏற்றங்கள் நீண்டன, 2025 ஏப்ரல் அடி ஆழமில்லாமல் போனது.

இரண்டாவது ஒரு இலக்கு வேண்டுமானால் டிரெண்ட் பேஸ்ட் பிப் எக்ஸ்டென்ஷன் கருவியால் முந்தின ஏற்றத்தின் தொடக்கம், முடிவு, இப்போதைய அடி மூன்றையும் தொட்டு, 1 என்று வரும் மட்டத்தைப் பாருங்கள். இரண்டு இலக்கும் பக்கத்தில் வந்தால் நம்பிக்கை கூடும். மற்ற மட்டங்களையெல்லாம் அணைத்து விடுங்கள். பத்து மட்டம் இருந்தால் ஏதாவது ஒன்று பொருந்தத்தான் செய்யும்.

பார்ஸ் பேட்டர்ன் என்று இன்னொரு கருவி, பழைய சுழற்சியை அப்படியே வெட்டி எதிர்காலத்தில் ஒட்டும். விளையாட்டுக்கு நன்றாயிருக்கும்.

எது நடந்தால் கணிப்பு பிழை?

பட்டையைப் போட்டாயிற்று, இலக்கையும் எடுத்தாயிற்று. காசு போடுமுன் மூன்றாவது எண் ஒன்று வேண்டும். நமது கற்பனைப் பங்கில் அடி 62 என்று எடுத்தோம். விலை 62க்குக் கீழே வார முடிவில் முடிந்தால் அந்த அடி அடியே இல்லை, சுழற்சி இன்னும் முடியவில்லை. 71இல் வாங்கியவருக்கு அதுவரை 9 ரூபாய் நட்டம், இலக்குவரை 9 ரூபாய் இலாபம். தரகுக் கட்டணத்தையும் சேர்த்தால் இந்தப் பேரம் கட்டுப்படியாகாது. 66க்குத் திரும்பி வந்தால் வாங்கலாம், வராவிட்டால் விடலாம். கணிப்பு சரியாக இருந்தும் வாங்கக்கூடாத இடங்கள் இப்படித்தான் நிறைய வரும்.

கைமாறல் குறைந்த பங்கில் ஸ்டொப் லொஸ் (குறித்த விலைக்கு இறங்கினால் தானாக விற்கச் சொல்லும் கட்டளை) போட்டாலும் அந்த விலையில் வாங்க ஆள் இருக்கவேண்டும். 2022 ஏப்ரல் 18இலிருந்து 22 வரை சந்தையே பூட்டிக்கிடந்தபோது யாருடைய ஸ்டொப் லொஸ்ஸும் வேலைசெய்யவில்லை. ஆகவே ஒரே பங்கில் போடும் தொகையைக் குறைத்து வைப்பதுதான் உண்மையான பாதுகாப்பு. கடன் வாங்கியோ நகை அடகு வைத்தோ இதில் இறங்காதீர்கள்.

ஊர்ப் பங்குகளின் ஆசை

திருகோணமலைக்காரருக்கு இரண்டு பங்குகள் மீது தனிப் பிரியம் உண்டு. ஒன்று டோக்கியோ சீமெந்து, மற்றது எரிபொருள் விற்கும் லங்கா ஐஓசி. தினமும் லொறியையும் தாங்கியையும் பார்ப்பதால் உள்விஷயம் தெரியும் என்று ஒரு நினைப்பு. நவம்பரில் நமக்கு வாடைக்காற்று மழை, கட்டட வேலை நிற்கும், ஆகவே சீமெந்து விற்பனை படுக்கும், பங்கும் இறங்கும் என்று ஒருவர் கணக்குப் போடலாம். அந்தச் சீமெந்து நாடு முழுக்கப் போகிறது. கொழும்பிலும் காலியிலும் மழைக்காலம் வேறு. நம் தெருவில் மழை பெய்வது சுழற்சிக்குச் சான்றாகாது.

லங்கா ஐஓசி இன்னும் நல்ல பாடம். 2022 ஜனவரி 6ஆம் தேதி சீனன்குடா எண்ணெய்க் குதங்களின் 99 தாங்கிகள் பற்றிய ஒப்பந்தம் கையெழுத்தானது. 14 லங்கா ஐஓசிக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, மீதி 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு. அதன்பிறகு எரிபொருள் விலை உயர்ந்தது, வரிசைகள் நீண்டன, சுட்டெண் சரிந்து கிடந்த அந்த 2022இல் இந்தப் பங்கு எதிர்த்திசையில் ஏறியது. சுட்டெண்ணின் சுழற்சியை இந்தப் பங்கின் மேல் ஒட்டி வைத்திருந்தவருக்கு எதுவுமே பொருந்தியிருக்காது. ஒவ்வொரு பங்குக்கும் அடிகளைத் தனியாகக் குறியுங்கள். சுட்டெண்ணோடு ஒத்துப்போகாத பங்கு என்றால் சுழற்சியைத் தேடி அலையாமல் செய்தியைப் படியுங்கள்.

ரூபாயா, டொலரா?

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அனுப்பும் காசைச் சந்தையில் போடுகிறவர்கள் இந்தப் படியைத் தாண்டக்கூடாது. தேடல் பெட்டியில் சுட்டெண்ணின் குறியீட்டைத் தட்டி, ஒரு சாய்கோடு போட்டு, அதன்பின் டொலருக்கு எதிரான ரூபாயின் குறியீட்டைத் தட்டினால் டொலரில் சுட்டெண் வரும்.

2022 ஜனவரியில் சுட்டெண் 13,000ஐத் தாண்டியிருந்தது, டொலர் சுமார் 200 ரூபாய். வகுத்தால் 65. 2024 முடிவில் சுட்டெண் 15,944, டொலர் சுமார் 293. வகுத்தால் 54. ரூபாய்ச் சார்ட்டில் புதிய உச்சி, டொலர்ச் சார்ட்டில் பழைய உச்சிக்கு ஆறில் ஒரு பங்கு கீழே. எந்தச் சார்ட்டில் சுழற்சி பார்ப்பது? உங்கள் செலவு ரூபாயில் என்றால் ரூபாய். கணிப்பு இலக்குகளை மட்டும் இரண்டிலும் எடுத்துப் பாருங்கள், 2022போல நாணயம் சரியும் ஆண்டில் ரூபாய் இலக்குகள் தாண்டித் தாண்டிப் போவதற்குக் காரணம் புரியும்.

எதிர்காலத்தை மறைத்துச் சோதித்தல்

இந்தப் படியைச் செய்யாதவர் மேலே சொன்ன எதையும் செய்யத் தேவையில்லை. பார் ரீப்ளே என்ற பொத்தானை அழுத்தி, 2016 தொடக்கத்தில் ஒரு கேண்டிலைத் தொடுங்கள். அதற்குப் பிறகுள்ள விலை எல்லாம் மறைந்துவிடும். அங்கே இருந்துகொண்டு அடிகளைக் குறித்து, பட்டை போட்டு, இலக்கு எடுத்து, பிழையாகும் விலையையும் எழுதிவிட்டு, ஒவ்வொரு கேண்டிலாக முன்னே நகர்த்துங்கள்.

செய்யும்போது ஒரு தொல்லை தெரியவரும். அடி நடந்த வாரத்தில் அது அடி என்று தெரியாது. இரண்டு மூன்று மாதம் போனபின்தான் தெரியும். முழுச் சார்ட்டைப் பார்த்துக் குறிக்கும்போது இது உறைப்பதில்லை. மத்திய வீதியில் கடை வைத்திருக்கும் அண்ணர் ஒருவர் இதைச் செய்துபார்த்துவிட்டு, "தம்பி, முடிஞ்ச பிறகு கீறினா எல்லாக் கோடும் சரியாத்தான் வருது" என்றார். அதற்குமேல் நான் விளக்கிச் சொல்ல ஒன்றுமில்லை.

இன்னொரு சின்னச் சோதனை: ஆல்ட் பொத்தானோடு ஐ எழுத்தைத் தட்டினால் சார்ட் தலைகீழாகும். வாங்கலாம் என்று தோன்றிய சார்ட் தலைகீழாகப் பார்க்கும்போது விற்கலாம் என்று தோன்றவேண்டும். தலைகீழிலும் வாங்கத்தான் தோன்றுகிறது என்றால், உங்களுக்கு வாங்கும் ஆசை வந்துவிட்டது, சார்ட்டைக் குறைசொல்லாதீர்கள்.

பதிவும் எச்சரிக்கையும்

ஒவ்வொரு கணிப்புக்கும் ஒரு வரி எழுதுங்கள்: குறித்த தேதி, எல்லை தொடங்கும் மாதம், முடியும் மாதம், இலக்கு, பிழையாகும் விலை. சார்ட்டைப் படமாக்கித் தேதியோடு சேமித்துக்கொள்ளுங்கள். கோடுகள்மேல் வலது சொடுக்கினால் பூட்டும் வசதி இருக்கிறது, பூட்டிவிட்டால் பிறகு கை தவறி நகராது, ஆசையாலும் நகராது.

விலை தள்ளிய கோட்டைத் தொடும்போதும் பிழையாகும் விலையைத் தொடும்போதும் எச்சரிக்கை வரும்படி வைத்துவிட்டால் கைத்தொலைபேசிக்கே வந்துவிடும், நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. எல்லை முடிந்தும் அடி வராவிட்டால் அந்தப் பட்டையை வலதுபக்கம் நீட்டாதீர்கள். அந்த வரியில் "வரவில்லை" என்று எழுதிவிட்டுப் புதிதாக எண்ணத் தொடங்குங்கள். அப்புறம், இதைப் பார்த்து உங்களிடம் யாராவது எதை வாங்கலாம் என்று கேட்டால், சொல்லாமல் விடுவது நல்லது. இலங்கையில் முதலீட்டு ஆலோசனையைத் தொழிலாகச் செய்ய 2021ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரம் வேண்டும்.